வாஷியில் பழைய ஃப்ளாட் வாங்கப் போகிறீர்களா?

சங்கத்துக்கு வருகிற அன்பர்களில் பலருக்கு நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பது தெரியும். அதனால் மாதத்துக்கு ஒருவராவது என்னை ஓரமாக அழைத்து, "சார், செக்டர் பதினைந்தில் ஒரு பழைய ஃப்ளாட் விலைக்கு வருகிறது. கொஞ்சம் ரிப்பேர் வேலை இருக்கும்போல. ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்பார். நானும் போவேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? அப்படிப் போய்ப் பார்த்ததில் மனத்தில் சேர்ந்ததை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட இதழில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. நான் பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர் அல்ல, சிவில் டிப்ளமாக்காரன். ஐ.ஓ.டபிள்யூ. என்று ரயில்வேயில் சொல்வார்களே, இன்ஸ்பெக்டர் ஆஃப் ஒர்க்ஸ், அந்த வேலையில் சேர்ந்து, பிறகு பதவியின் பெயர் செக்‌ஷன் இன்ஜினியர் என்று மாறி, அப்படியே ஓய்வு பெற்றவன். ஸ்டேஷன் கூரை, நடைமேம்பாலம், ஆபீஸ், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸில் மழைக்காலத்தில் ஒழுகாத வீடு இல்லை. என் மேஜையில் புகார் எழுதிய சீட்டு இல்லாத நாளும் இல்லை. ஆகவே கான்கிரீட் எப்படிப் பிறக்கிறது என்பதைவிட எப்படி வயதாகிறது என்பதை அதிகம் பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நம்மவர்கள் வாஷிக்கு வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சிட்கோ நிறுவனம் 1970ல் தொடங்கியது. கழிமுகத்தின் மேல் சாலைப் பாலம் 1973ல் வந்தது. ஆனாலும் மாட்டுங்காவையும் செம்பூரையும் விட்டுவிட்டு "கிரீக்குக்கு அந்தப் பக்கம்" போக யாருக்கும் மனம் வரவில்லை. 1992 மே மாதம் மான்குர்டிலிருந்து வாஷிக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்கள் வாங்கிய வீடுகளில் பாதி அப்போதே பத்து, பன்னிரண்டு வயதானவை. இன்று அவற்றுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. வாங்கியவர்கள் மகனோடு பெங்களூருக்கோ ஊருக்கோ போகிறார்கள். வீடு விலைக்கு வருகிறது. பக்கத்துத் தெருவில் புதுக் கட்டடத்தில் கேட்கிற விலையைவிட இது எவ்வளவோ குறைவு. வாடகை வீட்டில் இருக்கும் இளம் குடும்பத்துக்கு ஆசை வராமல் இருக்குமா?

அந்த ஆசை தப்பென்று நான் சொல்லவில்லை. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தின் பாதி வீட்டுக்குள்ளே இல்லை என்பதை மட்டும் சொல்ல வருகிறேன்.

இங்கே கட்டடங்களுக்கு என்னதான் நோய்? புதுக் கான்கிரீட் காரத்தன்மை உடையது. உள்ளே இருக்கும் கம்பியை அந்தக் காரம் துருப்பிடிக்காமல் காக்கிறது. வருஷங்கள் போகப் போகக் காற்றிலுள்ள கரியமில வாயு மெள்ள மெள்ள உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிடுகிறது. கம்பி வரைக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டால் காவல் போயிற்று. கடற்காற்றிலும் சரியாகக் கழுவாத கழிமுக மணலிலும் இருக்கும் உப்பு, காரம் குறைவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்துவிடும். துரு என்பது இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்குவரை இடம் பிடிக்கிற பொருள். அது உள்ளேயிருந்து கான்கிரீட்டை நெட்டித் தள்ளுகிறது. முதலில் பீமின் அடியில் நீளவாக்கில் ஒரு கோடு. பிறகு பூச்சு உப்பும். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையின் மேல் ஒரு துண்டு விழும்.

கம்பிக்கும் வெளிக் காற்றுக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட்டைக் கவர் என்போம். 1978ம் வருஷத்து இந்தியத் தர விதி ஸ்லாபுக்கு 15 மில்லிமீட்டர் கவர் இருந்தால் போதும் என்றது. எம்15 என்கிற குறைந்த தரக் கான்கிரீட்டையும் அனுமதித்தது. அதே விதியின் 2000ம் வருஷத்துப் பதிப்பு, கடலோரச் சூழலுக்கு நேராக வெளிப்பட்டு நிற்கும் கட்டடத்துக்கு 45 மில்லிமீட்டரும் எம்30 கான்கிரீட்டும் வேண்டும் என்கிறது. பழைய கட்டடங்களைக் கட்டியவர்கள் எல்லாரும் திருடர்கள் என்று நாம் பேசிக்கொள்கிறோம். அப்படியல்ல. விதிப்படி ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் அந்தக் காலத்து விதியே இந்த ஊர்க் காற்றுக்குப் போதவில்லை. விதியையும் மீறியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

வாஷியில் இதற்கு ஊரறிந்த உதாரணம் செக்டர் 9, 10 பக்கத்திலுள்ள ஜே.என்.1, ஜே.என்.2 ரகக் கட்டடங்கள். சிட்கோ கட்டிய இந்த அடுக்குகளில் ஸ்லாப் பூச்சு பெயர்ந்து விழுந்த செய்திகளைப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம்; மாநகராட்சியின் அபாயக் கட்டடப் பட்டியலிலும் அவை இடம்பெற்றன. குடியிருப்பவர்கள் பல வருஷம் நடையாய் நடந்த பிறகு 2015 பிப்ரவரியில் மாநில அரசு இப்படிப்பட்ட பழைய கட்டடங்களை இடித்துக் கட்ட 2.5 எஃப்.எஸ்.ஐ. அனுமதித்தது. அந்த நடைக்கும் காத்திருப்புக்கும் யார் கணக்கு வைத்தார்கள்?

இதைவிடக் கொடுமையானவையும் உண்டு. 2022 ஜூனில் நெரூல் செக்டர் 17ல் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடி ஹால் ஸ்லாப் கீழ்மாடியின் மேல் விழுந்து, அது அதற்குக் கீழே விழுந்து, தரை வரைக்கும் போயிற்று, உயிர்ச்சேதமும் உண்டு. 2017 ஜூலையில் காட்கோபரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து பதினேழு பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலையில் தாங்கும் பாகங்களில் கை வைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. மேல்மாடியில் இருந்தவர்கள் தங்கள் வீட்டில் ஒரு ஆணிகூட அடித்திருக்க மாட்டார்கள்.

தனி வீட்டுக்கும் ஃப்ளாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஊரில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கினால் அதன் குறை முழுவதும் உங்களுடையது. பணம் சேர்ந்தால் நீங்களே சரிசெய்துகொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஃப்ளாட்டில் நீங்கள் வாங்குவது நான்கு சுவருக்குள் இருக்கும் காற்றைத்தான். உங்கள் தலைக்கு மேலே இருப்பது மாடிக்காரரின் தரை. உங்கள் பாத்ரூம் ஓதத்துக்குக் காரணம் அவருடைய மோரி. தூண் எல்லாருக்கும் பொது. மொட்டைமாடியும் பொது, ஆனால் ஒழுகுவது கடைசி மாடிக்காரருக்கு மட்டும். ஆகவே ரிப்பேர்ச் செலவு எவ்வளவு என்பதைச் சிமென்ட் விலை தீர்மானிப்பதில்லை. பொதுக்குழுக் கூட்டத்தில் எத்தனை பேர் கை தூக்குகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

என் தங்கை குடும்பத்தின் விஷயத்தைச் சொன்னால் இது விளங்கும். செம்பூரில் பல வருஷமாக வாடகை வீடு. மச்சினர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பணம், மகனுடைய சேமிப்பு, மீதிக்குப் பேங்க் லோன் என்று திட்டம். மகன் வாஷியில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தான். 1980களின் நடுவில் ஒரு தனியார் பில்டர் கட்டிய நான்கு மாடிக் கட்டடம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஸ்டேஷனுக்கு நடை தூரம், குழந்தைகளுடைய பள்ளிக்கூடம் பக்கம். கேட்ட விலை 62 லட்சம்.

"விலை ரொம்பக் குறைச்சலா இருக்கு மாமா. உள்ள ஒரு அஞ்சு லட்சம் போட்டா புது வீடு மாதிரி ஆயிடும்" என்றான்.

"அஞ்சு லட்சம்னு யார் சொன்னது?"

"புரோக்கர்தான்."

ஒரு சின்னச் சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போனேன். வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட். விற்கிற வீட்டில் புதுப் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று சட்டமில்லை. ஆனால் ஹால் மட்டும் பழைய நிறத்தில் இருந்து, படுக்கையறை மேல்தளம் மட்டும் பளீரென்று இருந்தால் நான் அங்கேதான் முதலில் சுத்தியலால் தட்டுவேன். நல்ல கான்கிரீட் 'ணங்' என்று சொல்லும். பூச்சு உப்பியிருந்தால் பானையைத் தட்டியதுபோல வெற்றுச் சத்தம் வரும். அங்கே வந்தது பானைச் சத்தம். பாத்ரூமுக்குக் கீழே இரண்டாவது மாடிக்காரரிடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அவர் வீட்டு மேல்தளத்தையும் பார்த்தோம். உப்புப் பூத்து, ஒரு இடத்தில் கம்பி வெளியே தெரிந்தது. அந்த ஒழுகல் நாங்கள் வாங்கப்போகிற பாத்ரூமிலிருந்து வருவது. அதாவது வீட்டை வாங்கிய மறுநாளே கீழ்வீட்டுக்காரர் நம் வாசலில் நிற்பார். விலைப் பேச்சில் இது யார் வாயிலும் வரவில்லை.

பிறகு மொட்டைமாடிக்கு ஏறினோம். பழைய முறையில் செங்கல் துண்டு பரப்பிச் செய்த பிரிக்பேட் கோபாவின் மேல், இன்னொரு முறை கோபா, அதன் மேல் தார்ஷீட், அதன் மேல் சைனா மொசைக். ஒவ்வொரு முறை ஒழுகியபோதும் பழையதை எடுக்காமல் புதியதை மேலே போட்டிருக்கிறார்கள். நீர் நின்றதோ இல்லையோ, பாரம் ஏறிவிட்டது. வீட்டுக்குள்ளும் இதே கதைதான். டைல்ஸ் மேல் டைல்ஸ், அதன் மேல் மார்பிள் என்று அழகு பார்க்கிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 20 மில்லிமீட்டர் மார்பிளும் அதற்கு அடியில் 50 மில்லிமீட்டர் கலவையும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. வீட்டு ஸ்லாபை டிசைன் செய்யும்போது ஆள், கட்டில், பீரோ எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து வைக்கிற பாரமே சதுர மீட்டருக்கு 200 கிலோதான்.

அடுத்தது சொசைட்டி. செயலாளர் நல்ல மனிதர், மராட்டியர். ஸ்ட்ரக்சுரல் ஆடிட் இருக்கிறதா என்று கேட்டதும் ஒரு ஃபைலை எடுத்துக் கொடுத்தார். இதைக் கேட்க எல்லாரும் தயங்குகிறார்கள்; தயங்க வேண்டியதில்லை. மகாராஷ்டிர ஹவுசிங் சொசைட்டிகளின் மாதிரி விதிப்படி பதினைந்திலிருந்து முப்பது வயதுவரையுள்ள கட்டடத்துக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையும், முப்பதைத் தாண்டியதற்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறையும் ஆடிட் செய்யவேண்டும். ஆடிட்டின் முடிவில் ஒரு குறி போடுவார்கள். சி1 என்றால் உடனே காலிசெய்து இடிக்கவேண்டியது. சி2ஏ என்றால் காலிசெய்து பழுதுபார்க்க வேண்டியது. சி2பி, ஆட்கள் இருக்கும்போதே பழுதுபார்க்கலாம். சி3, சில்லறை ரிப்பேர். எங்கள் கட்டடம் சி2பி. ரிப்போர்ட் வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. வேலை தொடங்கவே இல்லை.

ஏன் என்று கேட்டேன். தரைத்தளத்துக் கடைக்காரர்கள், எங்களுக்கு ஒழுகவில்லை, நாங்கள் ஏன் கொடுக்கவேண்டும் என்கிறார்களாம். இரண்டு ஃப்ளாட் பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். மூன்று பேர், எப்படியும் ரீடெவலப்மென்ட் வரப்போகிறது, இப்போது செலவு செய்வானேன் என்கிறார்கள். நிதியிலாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மாதிரி விதிப்படி சிங்கிங் ஃபண்டுக்கு ஒவ்வொருவரும் வருஷத்துக்குக் குறைந்தது கட்டுமானச் செலவில் கால் சதவிகிதம் கொடுக்கவேண்டும். கட்டுமானச் செலவு என்பது கட்டிய காலத்துச் செலவு. அப்போது ஒரு ஃப்ளாட்டுக்கு ஒரு லட்சம் ஆகியிருந்தால் வருஷத்துக்கு 250 ரூபாய்! நாற்பது வருஷம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் அசல் பத்தாயிரம். விதியில் "குறைந்தது" என்றுதான் இருக்கிறது; பொதுக்குழு விரும்பினால் கூட்டலாம். மெயின்டனன்ஸ் குறைவு என்று பெருமையாகச் சொல்லி வீட்டை விற்கிறார்கள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. மாதா மாதம் கொடுக்காததைச் சேர்த்து வைத்து, வாங்க வருகிறவன் தலையில் கட்டுகிறார்கள்.

ரயில்வேயில் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. மழைக்காலம் முடிந்ததும் வருஷத்துக்கு ஒருமுறை உதவி இன்ஜினியர் நேரில் போய்ப் பார்த்து, போன வருஷத்து விரிசல் இந்த வருஷம் வளர்ந்திருக்கிறதா என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். நூறு வயதுப் பாலங்கள் மேல் இன்றும் ரயில் ஓடுவது அந்தப் புத்தகத்தால்தான். நாற்பது குடும்பம் உறங்குகிற கட்டடத்துக்கு அப்படி ஒரு நாற்பது பக்க நோட்டுகூட இருப்பதில்லை. சொசைட்டித் தேர்தலில் ஜெயித்தவர் தோற்றவரிடம் பழைய ஃபைலைக் கேட்டால் அதற்கே சண்டை.

இனி காகிதத்துக்கு வருவோம். இது என் துறை அல்ல; ஒரு வக்கீலிடம் கொடுத்துப் பார்த்தோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். நவி மும்பையில் நிலம் சிட்கோவிடமிருந்து குத்தகைக்கு வந்தது. அதனால் வீடு கை மாறும்போதெல்லாம் சிட்கோவின் அனுமதியும் மாற்றுக் கட்டணமும் என்று ஒரு வழக்கம் இருந்து வந்திருக்கிறது. அந்தக் கட்டணத்துக்குப் பயந்து அந்தக் காலத்தில் பலர் வெறும் பவர் ஆஃப் அட்டார்னியிலேயே வீட்டை விற்றார்கள், வாங்கினார்கள். அப்படிப்பட்ட பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011ல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டுக்கு இதுவரை நான்கு சொந்தக்காரர்கள். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் நடுவே சங்கிலியில் ஒரு கண்ணி இப்படித்தான் விட்டுப்போயிருந்தது. அதைச் சரிசெய்யும் செலவு, பழைய முத்திரைத் தீர்வை, அபராதம் எல்லாம் கடைசியில் வாங்குகிறவன் பக்கம்தான் சாயும், முன்கூட்டிப் பேசாவிட்டால். விற்பவர் வெளிநாட்டுவாசியாக இருந்தால் இன்னொரு சிக்கல். உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால் ஒரு சதவிகித வருமான வரியைப் பிடித்துக் கட்டுகிறோமே, அது அவர்களுக்குப் பொருந்தாது. மிக அதிகமாகப் பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் வரித்துறை கேட்பது வாங்கியவரைத்தான்.

சொசைட்டி மாற்றுக் கட்டணம் அதிகபட்சம் 25,000 ரூபாய். அதற்கு மேல் "டொனேஷன்" கேட்டால் காரணம் கேளுங்கள்.

பால்கனியை அடைத்து அறையாக்கியிருப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புரோக்கர் அதையும் சேர்த்துத்தான் சதுர அடி சொல்வார். பேங்க் அனுப்புகிற மதிப்பீட்டாளர் அங்கீகரித்த வரைபடத்தில் இருக்கும் பரப்பைத்தான் எடுத்துக்கொள்வார். நாளைக்கு இடித்துக் கட்டும்போதும் உங்கள் பங்கு அந்த வரைபடப் பரப்பின்படிதான். ஆக, இல்லாத அறைக்கு முழு விலை கொடுக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதினோம். இது அந்த ஒரு வீட்டின் கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கும். கேட்ட விலை 62 லட்சம். முத்திரைத் தீர்வை ஏழு சதவிகிதம் என்று போட்டு 4,34,000. (பெண் பெயரில் மட்டும் வாங்கினால் ஒரு சதவிகிதம் சலுகை உண்டு, தங்கை அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.) பதிவுக் கட்டணம் 30,000. புரோக்கருக்கு 62,000. சிட்கோ, சொசைட்டி, வக்கீல், விட்டுப்போன கண்ணி எல்லாம் சேர்த்துத் தோராயமாக 1,50,000. வீட்டுக்குள் செய்தே ஆகவேண்டிய வேலை 6,75,000. கட்டடத்தின் பொது ரிப்பேரில் நம் பங்கு, ஆடிட் ரிப்போர்ட்டிலுள்ள பழைய எஸ்டிமேட்டை இன்றைய விலைக்கு ஏற்றி, 4,50,000. வேலை முடியும்வரை மூன்று மாதம் செம்பூர் வாடகை 75,000. கூட்டினால் 80,76,000. சுமார் பத்தொன்பது லட்சம் கூடுதல். போன மாதம் இவர்கள் "விலை ஜாஸ்தி" என்று வேண்டாமென்று விட்ட, கோப்பர்கைரானேயில் பதினெட்டு வருஷமே ஆன, லிஃப்ட் உள்ள வீடு எல்லாச் செலவும் சேர்ந்து கிட்டத்தட்ட அதே தொகைதான்!

புரோக்கரின் ஐந்து லட்சம் எப்படி ஆறே முக்கால் ஆயிற்று என்று மருமகள் கேட்டாள். புரோக்கர் கணக்கில் இருந்தது கண்ணுக்குத் தெரிவது: தரை, பெயிண்ட், சமையல் மேடை. நான் எழுதியது சுவருக்குள் இருப்பது. பழைய ஜி.ஐ. குழாய்கள் உள்ளே துருவேறி விரல் நுழையாத துவாரமாகச் சுருங்கியிருக்கும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அதை மாற்றாவிட்டால் இரண்டே வருஷத்தில் புது டைல்ஸை உடைக்க வேண்டிவரும். பாத்ரூம் குழிவை முழுக்கத் தோண்டி வாட்டர்ப்ரூஃபிங். வயரிங் போட்ட காலத்தில் ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட், ஒரு டி.வி.; இரண்டு ஏ.சி.க்கு மீட்டர் அறையிலிருந்தே புது கேபிள் இழுக்க வேண்டும். ராபிட் மூட்டைகளை மூன்று மாடி இறக்குகிற கூலியே, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், ஒரு தனி வரி. லிஃப்ட் என்றதும் தங்கையின் முழங்காலைப் பற்றியும் எழுதினேன். அதற்கு ரூபாய் போடத் தெரியவில்லை. வெறும் கோடு போட்டு வைத்தேன்.

பொது ரிப்பேர் நடக்கும் காலத்தின் தொல்லையும் அப்படித்தான். பீமைப் பழுதுபார்க்கும்போது அடியில் இரும்பு முட்டுக் கொடுப்பார்கள். அது யார் வீட்டுச் சமையலறையில் நிற்கிறதோ அவர்கள் இரண்டு மாதம் அதைச் சுற்றித்தான் தோசை சுடவேண்டும். தூணைச் சுற்றி ஜாக்கெட்டிங் செய்தால் ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் போகும். நுழைகிற பீரோ நுழையாது.

பேங்க் விஷயத்தில் இன்னொன்று. முதலில் போன பேங்க், கட்டடத்துக்கு மீதமிருக்கும் ஆயுளைக் காட்டி லோனே தர மறுத்தது. இரண்டாவது பேங்க் சம்மதித்தது, ஆனால் நினைத்ததில் முக்கால் பங்குதான், அதுவும் குறைந்த தவணைக் காலத்துக்கு. ரிப்பேருக்கான பணம் எந்தக் கணக்கிலும் லோனில் வராது. அது மச்சினரின் ஓய்வுப் பணத்திலிருந்துதான் போகவேண்டும். ஒரு குடும்பத்தின் மருந்துச் செலவுக்கு வைத்திருக்கும் பணம் அது. எனக்குக் கவலை அந்த இடத்தில்தான்.

"மாமா, ரீடெவலப்மென்ட் வந்துட்டா எல்லாம் சரியாயிடுமே, பெரிய வீடா கெடைக்குமே" என்றான் பையன். வரலாம். 2019க்குப் பிறகு சொசைட்டிகளில் 51 சதவிகிதத்தினர் சம்மதித்தாலே தீர்மானம் போடலாம் என்று விதி தளர்ந்திருக்கிறது. ஆனால் நிலத்தின் குத்தகைப் பத்திரம் இன்னும் பில்டர் பெயரிலேயே இருந்தால் அதைச் சொசைட்டி பெயருக்கு மாற்றுவதே ஒரு யாகம். வரும் என்று நம்பிப் பணம் போடுவதில் இரண்டு பக்கமும் அடி இருக்கிறது. ஏழு லட்சம் செலவழித்து வீட்டை அலங்கரித்த மூன்றாம் வருஷம் இடிக்க வந்தால் அத்தனையும் ராபிட். வரப்போகிறதே என்று ஒன்றும் செய்யாமல் இருந்து அது பதினைந்து வருஷம் வராவிட்டால், அத்தனை மழைக்காலமும் வாளியோடு வாழ்க்கை. ஆகவே குழாய், வயர், வாட்டர்ப்ரூஃபிங், கம்பி, இவை நாளை இடிப்பதாக இருந்தாலும் இன்றே செய்யவேண்டியவை. உயிருக்கும் உடம்புக்கும் சம்பந்தப்பட்டவை. மார்பிள், ஃபால்ஸ் சீலிங், பெட்டி அடித்த டி.வி. சுவர் எல்லாம் தேவையில்லாதவை. ஃபால்ஸ் சீலிங்கை நான் எந்தப் பழைய வீட்டிலும் ஒப்புவதில்லை. மேலே கான்கிரீட் என்ன பாடு படுகிறது என்பதை அது மறைத்துவிடும்.

தரைத்தள வீடு பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாஷியின் பல பகுதிகள் கடல் ஏற்றத்தின் மட்டத்துக்கும் கீழே இருப்பவை. செக்டர் 10ஏ பக்கம் மாலையில் நாம் நடக்கப் போகிற 'மினி சீஷோர்' ஏரி, உண்மையில் மழைநீரைத் தேக்கிவைத்துக் கடல் வடியும்போது வெளியே விடுகிற குளம். கனமழையும் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. தரைத்தளத்துச் சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால், அக்கம்பக்கத்தில் ஒரு டீ குடித்துக்கொண்டே விசாரியுங்கள்.

எங்கள் கதை எங்கே நிற்கிறது என்றால், அந்த வீட்டை வேண்டாமென்று சொல்லவில்லை. பள்ளிக்கூடமும் ஸ்டேஷனும் பக்கம் என்பது தினமும் இரண்டு மணி நேர லாபம். அதையும் வரவில் வைக்க வேண்டும். 54 லட்சம் என்று எழுதிக் கொடுத்தோம். கூடவே மூன்று நிபந்தனை: விட்டுப்போன பத்திரக் கண்ணியை விற்பவரே தம் செலவில் சரிசெய்து தரவேண்டும், ரிப்பேர் நிதியில் அவர் பாக்கியை அவர் கட்டவேண்டும், பொதுக்குழு ரிப்பேர்த் தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏறிய நகல் கைக்கு வந்த பிறகுதான் அட்வான்ஸ். விற்பவர் சிரித்தார். வேறு பார்ட்டி ரொக்கத்தோடு காத்திருக்கிறது என்றார் புரோக்கர். இரண்டு மாதம் கழித்து, ஜூன் கடைசியில், புரோக்கரே போன் செய்தார். அந்தப் பார்ட்டிக்கும் பேங்க் லோன் தரவில்லையாம். 56க்கு முடிக்கலாமா என்று கேட்கிறார்கள். பத்திர வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பொதுக்குழு அடுத்த மாதம். செயலாளர் கடைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார், தவணையில் கட்டட்டும் என்று.

இதற்கு நடுவே, ஆடி மாதத்தில் எந்தக் கையெழுத்தும் கூடாது என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பையனுக்குக் கோபம். எனக்கு இல்லை. இந்த ஊரில் ஆடிதான் கனமழைக் காலம். "உங்கம்மா சொல்றது சரிதாம்ல, பேசாம இரு" என்று அவனை அடக்கி வைத்திருக்கிறேன். போன வாரம் மூன்று நாள் விடாத மழையில் செயலாளரிடம் சாவி வாங்கிப் போய்ப் பார்த்தோம். படுக்கையறை மேல்தளத்தில், புதுப் பெயிண்டின் நடுவே, ஜன்னல் பக்கத்து மூலையிலிருந்து தட்டு அகலத்துக்கு ஒரு பழுப்பு வட்டம். தேதியை எழுதி, பென்சிலால் ஓரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆடி முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.